ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் ஏன் இரண்டரை மணி நேரம் ஓடுகிறது?

டாப் லோடிலிருந்து ஃப்ரண்ட் லோடுக்கு மாறிய வீடுகளில் முதல் வாரமே ஒரு புகார் கிளம்பும். ‘காட்டன்’ என்று வைத்து ஸ்டார்ட் அழுத்தினால் டிஸ்ப்ளேயில் 2:40 என்று வருகிறது. பழைய மெஷின் முக்கால் மணி நேரத்தில் முடித்த வேலைக்கு இதற்கு எதற்கு இவ்வளவு நேரம்? கண்ணாடி வழியாகப் பார்த்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் தெரிகிறது. டிரம் நாலு சுற்று சுற்றுகிறது, நிற்கிறது, எதிர்ப்பக்கம் நாலு சுற்று சுற்றுகிறது. பாதி நேரம் சும்மா இருப்பது போலவே தோன்றும். இது போதாதென்று, முடியும் நேரத்தில் ‘9 நிமிடம்’ என்று காட்டிவிட்டு அரை மணி நேரம் அந்த ஒன்பதிலேயே நிற்கும்.

பழுது என்று நினைத்து சர்வீஸுக்கு ஃபோன் போடுகிறவர்கள் உண்டு. பொறுமை இழந்து எல்லாத் துணியையும் 15 நிமிட ‘குயிக்’கிலேயே போட்டுப் பழகிவிட்டவர்களும் உண்டு. இரண்டுக்கும் அவசியமில்லை. அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு பங்கு, துணி சுத்தமாவதற்கு உண்மையிலேயே வேண்டும். இன்னொரு பங்கு, குளிர் நாட்டுக் குழாய்த் தண்ணீரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. மிச்சம், நம் வீட்டு டேங்க், குழாய், சோப்புத் தூள் சேர்த்துவிடும் நிமிடங்கள். மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எதில் கை வைக்கலாம் என்று தெரியும்.

## அழுக்கு போக என்ன வேண்டும்

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959இல் சலவையை நான்கு கூறுகளாகப் பிரித்துச் சொன்னார்: ரசாயனம், வெப்பம், இயக்கம், நேரம். சலவைத் துறையில் இதை இன்றும் சின்னர் வட்டம் என்பார்கள். நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும்; இல்லையென்றால் அழுக்கு அப்படியே இருக்கும்.

இதை நம் ஊர் வெள்ளாவியை வைத்துச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். உவர்மண் கரைசலில் முக்கி எடுத்த துணியை அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேக வைத்து, விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைப்பார்கள். உவர்மண்ணின் காரம் ரசாயனம், ஆவி வெப்பம், கல்லில் விழும் அடி இயக்கம், அந்த இரவு நேரம். நான்கும் முழு அளவில் கிடைத்ததால் வேட்டி பளிச்சென்று வந்தது, சீக்கிரம் நைந்தும் போனது. வீட்டில் பக்கெட்டில் ஊற வைத்துத் துவைக்கும்போது வெப்பம் கிடையாது; அதை ஊறும் நேரமும் பிரஷ்ஷும் ஈடுகட்டுகின்றன.

டாப் லோடு மெஷின் துணியை முழுக்கத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் உள்ள பல்சேட்டர் என்ற சுழலும் தட்டால் வேகமாகக் கலக்குகிறது. நிறைய இயக்கம், நிறையத் தண்ணீர், குறைந்த நேரம். ஃப்ரண்ட் லோடு நேர் எதிர்: துணிக்கு அடி கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம். அந்தக் குறையை வெப்பமும் நேரமும்தான் நிரப்ப வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

## டிரம்முக்குள் நடப்பது

படுக்கைவாட்டில் இருக்கும் டிரம்முக்குள் மூன்று மேடுகள் இருக்கும். டிரம் சுற்றும்போது அவை துணியை மேலே தூக்கிக்கொண்டு போகும். உச்சிக்குப் பக்கத்தில் துணி பிடி நழுவி, கீழே உள்ள சோப்புத் தண்ணீரில் தொப்பென்று விழும். துவைப்பது என்பது இந்த விழுதல்தான். கல்லில் அடிப்பதன் மென்மையான வடிவம்.

அப்படியானால் டிரம்மை இன்னும் வேகமாகச் சுற்றி, சீக்கிரம் முடிக்கக் கூடாதா? முடியாது. வீட்டு மெஷினில் டிரம்மின் ஆரம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். அந்த ஆரத்தில் நிமிடத்துக்கு 60 சுற்றைத் தாண்டியதும் மையவிலக்கு விசை துணியின் எடையை மிஞ்சிவிடும். துணி டிரம்மின் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், கீழே விழாது. விழாவிட்டால் துவைப்பு இல்லை. அதனால்தான் எந்த நிறுவனத்தின் மெஷினும் துவைக்கும்போது 45, 50 சுற்றுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. இன்வர்ட்டர் மோட்டார், டைரக்ட் டிரைவ் என்று கடையில் சொல்வதெல்லாம் சத்தத்தையும் தேய்மானத்தையும் குறைக்கும். புவியீர்ப்பு விதித்த இந்த எல்லையை அவற்றால் மாற்ற முடியாது.

இடையிடையே டிரம் நிற்பதற்கும் காரணம் உண்டு. ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் துணி கயிறாக முறுக்கிக்கொள்ளும். நின்று, திசை மாற்றிச் சுற்றினால்தான் பிரியும். அந்த நிற்கும் சில விநாடிகளில் சோப்புத் தண்ணீர் இழைக்குள் ஊறவும் செய்கிறது.

டிரம்மைத் திணித்து நிரப்பினால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது: விழ இடமில்லை. 7 கிலோ மெஷின் என்றால் காட்டன் புரோகிராமில் 7 கிலோ உலர்ந்த துணி என்று பொருள். சிந்தெடிக், மிக்ஸ் புரோகிராம்களில் அது பாதியாகும், குயிக்கில் பெரும்பாலும் 2 கிலோதான். துணியைப் போட்ட பிறகு மேலே ஓர் உள்ளங்கை நுழைய இடம் இருக்க வேண்டும். ஒரு ஜீன்ஸ் மட்டுமே 600, 700 கிராம் வரும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

## இரண்டரை மணி நேரம் எங்கே போகிறது

40 டிகிரி காட்டன் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், ஆனால் வரிசை இதுதான்.

1. எடை பார்த்தல். தண்ணீர் விடுவதற்கு முன்னால் டிரம் அப்படியும் இப்படியும் அசையும். சுற்றுவதற்கு மோட்டார் எவ்வளவு திணறுகிறது என்பதை வைத்துத் துணியின் எடையை ஊகிக்கிறது. 2:40 திடீரென்று 2:05 ஆவது இங்கேதான்.

2. தண்ணீர் பிடித்தல். அளவை அழுத்த உணரி பார்த்துக்கொள்ளும். உலர்ந்த துணி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், வால்வு மறுபடி மறுபடி திறக்கும்.

3. பிரதானத் துவைப்பு. 50 முதல் 80 நிமிடம். சூடாக்குவதும் இதற்குள்தான்.

4. அலசல். இரண்டு அல்லது மூன்று முறை. ஒவ்வொன்றிலும் வடித்தல், சின்ன ஸ்பின், புதுத் தண்ணீர், சுற்றல் எல்லாம் சேர்ந்து சுமார் 10 நிமிடம்.

5. கடைசி ஸ்பின். 8 முதல் 15 நிமிடம், துணி ஒத்துழைத்தால்.

மூன்றாவது கட்டம் நீளமாக இருப்பதற்கு என்சைம்களும் ஒரு காரணம். இன்றைய நல்ல சோப்புத் தூளிலும் லிக்விடிலும் புரதக் கறையைக் கரைக்க ஒன்று, மாவுச்சத்துக்கு ஒன்று, எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒன்று என்று பல என்சைம்கள் சேர்ந்திருக்கும். சாம்பார், குழம்பு, பால், வியர்வை எல்லாம் இவற்றின் கணக்கில் வரும். பெரும்பாலானவை 30 முதல் 50 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும், ஆனால் நேரம் கேட்கும். 15 நிமிடத்தில் அவை வேலையைத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

## ஹீட்டர் கணக்கு

இந்த மெஷினில் மின்சாரத்தை விழுங்குவது ஹீட்டர். மோட்டார் இல்லை. துவைக்கும் நேரத்தில் மோட்டார் சராசரியாக 100, 200 வாட் எடுக்கும்; ஹீட்டர் 2,000 வாட்டுக்குப் பக்கம். அதாவது ஒரு மணி நேரம் கூடுதலாகச் சுற்ற ஆகும் மின்சாரமும், ஹீட்டர் மூன்று முதல் ஆறு நிமிடம் எரிய ஆகும் மின்சாரமும் ஒன்று. ‘ஈக்கோ’ புரோகிராம் ஏன் நீளமாக இருக்கிறது, நீளமாக இருந்தும் ஏன் கரண்ட் குறைவாக இழுக்கிறது என்பதற்கு விடை இந்த ஒரே கணக்கில் இருக்கிறது. வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறார்கள், சின்னர் வட்டம்தான்.

ஐரோப்பாவில் இது சட்டத்தோடும் சேர்ந்தது. மின்சிக்கன முத்திரைக்கு எந்தப் புரோகிராமில் சோதிக்கிறார்களோ, அதை எவ்வளவு சிக்கனமாக்க முடியுமோ அவ்வளவு ஆக்கினார்கள் உற்பத்தியாளர்கள். நேரம் நீண்டுகொண்டே போனது. 2021 மார்ச்சில் வந்த புதிய விதிகள் ‘ஈக்கோ 40-60’ என்ற புரோகிராமுக்கு உச்சவரம்பு வைத்தன: 7 கிலோ மெஷினுக்கு முழுச் சுமையில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம், எவ்வளவு பெரிய மெஷினானாலும் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முத்திரையிலேயே நேரத்தையும் அச்சிட வேண்டும். வரம்பே மூன்றரை மணி என்றால் அதற்கு முன் நிலைமை எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது அதே மெஷின் சென்னையிலோ மதுரையிலோ ஓடினால்? துவைப்புத் தண்ணீர், அதை உறிஞ்சிய துணி, டிரம்மின் உலோகம் எல்லாவற்றையும் சேர்த்து 18 லிட்டர் தண்ணீரைச் சூடாக்குவதற்குச் சமம் என்று வைப்போம். 2,000 வாட் ஹீட்டர், வெப்பம் வீணாகாமல் இருந்தால்:

1. ஐரோப்பியக் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி. அதை 40க்குக் கொண்டுவர 16 நிமிடம், அரை யூனிட்.

2. நம் சமவெளியில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. 40க்கு வர 6 நிமிடம், 0.2 யூனிட்.

3. அதே 30 டிகிரியிலிருந்து 60க்குப் போக 19 நிமிடம், 0.6 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது. ஜெர்மன்காரர் கரண்ட் செலவழித்து எட்டும் 30 டிகிரியில்தான் நம் தண்ணீர் தொடங்கவே செய்கிறது. நாம் ‘கோல்ட்’ என்று வைப்பது அவர்களுக்கு 30 டிகிரி புரோகிராம். என்சைம் வேலை செய்யும் வெப்பம் நமக்கு இலவசமாகவே வந்துவிடுகிறது. அதனால் மிக நீண்ட ஈக்கோ புரோகிராமால் சமவெளியில் கிடைக்கும் மிச்சம் சொற்பம். நான் கேட்டால், மூன்று மணி நேர ஈக்கோவை விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் சாதாரண 30 அல்லது 40 டிகிரி புரோகிராம்தான் இங்கே புத்திசாலித்தனம். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தண்ணீர் ஐரோப்பா போலத்தான் வருகிறது.

சித்திரை வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும் என்பது இன்னொரு விஷயம். இரத்தக் கறை, பால் கறை உள்ள துணியை மதியத் தண்ணீரில் போடாமல் காலையில் போடுவது நல்லது. சூட்டில் புரதம் இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

## நம் வீடு சேர்க்கும் நிமிடங்கள்

டிஸ்ப்ளேயில் வரும் நேரம் ஒரு மதிப்பீடு. நல்ல தண்ணீர் அழுத்தம், 230 வோல்ட், சரியான அளவு சோப்பு, ஒழுங்காகப் பரவிய துணி எல்லாம் இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. இவற்றில் எது குறைந்தாலும் கடிகாரம் நிற்கும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

1. தண்ணீர் அழுத்தம்

பெரும்பாலான மெஷின்களின் கையேடு குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் அழுத்தம் கேட்கும். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். அப்படியானால் மெஷின் குழாய்க்கு மேலே 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் டேங்க் இருக்க வேண்டும். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. டேங்குக்கு நேர் கீழே, கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு 2 மீட்டர் கிடைத்தாலே அதிகம்.

ஒரு தடவைத் துவைப்புக்கு மொத்தம் 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 8 லிட்டர் வந்தால் எட்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 2 லிட்டர் வந்தால் அரை மணி நேரம். சோதிப்பது சுலபம்: மெஷினுக்குப் போகும் குழாயைக் கழற்றி 10 லிட்டர் பக்கெட்டில் விட்டு நேரம் பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்பினால் சரி. நான்கு, ஐந்து நிமிடம் ஆனால் அங்கேதான் உங்கள் அரை மணி நேரம் தொலைகிறது. பக்கெட் சீக்கிரம் நிரம்பியும் மெஷின் மெதுவாகத்தான் பிடிக்கிறது என்றால், மெஷினின் பின்பக்கத்தில் குழாய் பொருந்தும் இடத்தில் உள்ள சின்ன வலையைப் பாருங்கள். போர் தண்ணீரின் மண்ணும் துருவும் அதில் அடைந்திருக்கும். அது சுத்தமாக இருந்தும் அழுத்தம் போதவில்லை என்றால் சின்ன பிரஷர் பம்ப் வைப்பதுதான் வழி.

2. வடிகால் குழாய்

இது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். மெஷினின் கழிவுநீர்க் குழாயின் நுனி தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போய் இறங்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். நாம் அதைப் பாத்ரூம் தரையில் போட்டுவிடுவோம். அப்போது சில மெஷின்களில், மேலே பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் தானாகவே கீழே வழிந்துகொண்டிருக்கும். மட்டம் எட்டாமல் மெஷின் பிடித்துக்கொண்டே இருக்கும். நேரமும் போகும், சோப்பும் போகும். வடிக்கும் பம்ப் ஓடாத நேரத்திலும் அந்தக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் இதுதான் காரணம்.

முன்பக்கம் கீழே, சின்ன மூடிக்குப் பின்னால் பம்ப் ஃபில்டர் இருக்கும். சில்லறைக் காசு, ஊக்கு, ஹேர்பின், சட்டைப்பையில் மறந்த பஸ் டிக்கெட் கூழ் எல்லாம் அங்கே சேரும். அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் சில நிமிடம் கூடும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். திறக்குமுன் அடியில் ஒரு தட்டு வைக்க மறக்க வேண்டாம்.

3. நுரை

நுரை நிறைய வந்தால்தான் அழுக்கு போகும் என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிறோம். இங்கே நுரைதான் எதிரி. துணி தண்ணீரில் விழுவதற்குப் பதில் நுரை மெத்தையில் விழும்; அடி படாது. நுரை அளவு மீறினால் மெஷின் அதைக் கண்டுபிடித்து, சுற்றுவதை நிறுத்தி அடங்கக் காத்திருக்கும், அல்லது வடித்துவிட்டு இன்னோர் அலசல் சேர்க்கும். 10, 20 நிமிடம் அதில் போகும். கைத்துவைப்புக்கான பவுடரை இதில் போடவே கூடாது. ஃப்ரண்ட் லோடு என்று எழுதிய பவுடரிலும் பாக்கெட்டில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

சோதனை வேண்டுமா? துவைத்த துண்டுகளை மட்டும் போட்டு, சோப்பே போடாமல் ஓட விட்டுப் பாருங்கள். கண்ணாடியில் நுரை கட்டினால், இத்தனை நாளும் அலசிப் போகாமல் துணியில் தங்கிய சோப்பு அது.

4. கடின நீர்

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர் தண்ணீர் பல இடங்களில் இந்த இரண்டாவது எண்ணையும் தாண்டும். கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் ஒரு பங்கைத் தின்றுவிடும். சூடாக்கும்போது ஹீட்டர் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். படிவம் தடித்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகச் சிரமப்படும், ஹீட்டரும் சீக்கிரம் போய்விடும். அவ்வப்போது படிவம் நீக்கும் பவுடர் போட்டு வெறும் மெஷினை ஓட விடுவது இதற்காகத்தான்.

5. குறைந்த வோல்டேஜ்

ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் 2,000 வாட் ஹீட்டர் 1,225 வாட்தான் தரும். மேலே சொன்ன 60 டிகிரிக்கான 19 நிமிடம் 31 நிமிடம் ஆகிவிடும்.

6. சமநிலை: அந்த ‘9 நிமிட’ மர்மம்

ஸ்பின் தொடங்கும் நேரத்தில் மெஷின் முன்னால் நின்று பார்த்தால் நடப்பது தெரியும். டிரம் மெதுவாக வேகம் எடுக்கிறது. துணி சுவரில் ஒட்டுகிறது. 90, 100 சுற்றில் சில விநாடி நிதானிக்கிறது. எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று மோட்டாரின் துடிப்பை வைத்துப் பார்க்கிறது. ஒரு பக்கம் கனம் என்றால் வேகத்தை விட்டு, துணியைக் கீழே விழவிட்டு, எதிர்த்திசையில் நாலு சுற்று சுற்றிக் கலைத்து, மறுபடி முயல்கிறது. ஐந்து முறை, பத்து முறை. அத்தனை நேரமும் டிஸ்ப்ளேயில் அதே 9.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. 1200 சுற்றில், 24 சென்டிமீட்டர் ஆரத்தில், ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல 380 மடங்குக்கு மேல் விசையோடு வெளியே இழுக்கும். ஒரு பக்கம் 300 கிராம் கூடுதலாகத் தங்கினால், 115 கிலோ எடை நிமிடத்துக்கு 1200 தடவை டிரம்மைச் சுற்றி இழுப்பதற்குச் சமம். உள்ளே கான்கிரீட் கட்டிகளைப் பொருத்தி மெஷினை 60, 70 கிலோவுக்குக் கனமாக்கியிருப்பதே இந்த ஆட்டத்தைத் தாங்கத்தான். அப்படியும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் பேரிங் போகும். அதனால் முயன்று முயன்று பார்த்துவிட்டு, முடியாவிட்டால் குறைந்த வேகத்தில் பிழிந்து ஈரத் துணியைக் கொடுக்கும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும்.

இதை வரவழைப்பவை தெரிந்த முகங்கள்தான். தனியாகப் போட்ட ஒரே ஜீன்ஸ். குளியலறை மிதியடி. மற்ற துணிகளையெல்லாம் தனக்குள் விழுங்கிக்கொள்ளும் மெத்தை உறை. அப்புறம் நூல் சேலை: ஐந்தரை மீட்டர் துணி கயிறாக முறுக்கி உருண்டையாகிவிடும், எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஈடாக ஒன்றும் இருக்காது. சேலையை விசிறி மடிப்பாகத் தளர்வாகப் போட்டு, கூடவே சின்னத் துணிகள் நாலைந்து சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெஷினின் நான்கு காலும் தரையில் ஆடாமல் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றிய மெஷின்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

## குயிக் வாஷ் எதை வெட்டுகிறது

15 நிமிட, 30 நிமிட புரோகிராம்கள் வேகமாகத் துவைப்பதில்லை, குறைவாகத் துவைக்கின்றன. துவைப்பு நேரம் சில நிமிடமாகச் சுருங்குகிறது. ஹீட்டருக்கு நேரமே இல்லை. எனக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிய குறையாகத் தெரிவது அலசல்.

கணக்கைப் பாருங்கள். 5 கிலோ துணி, இடை ஸ்பின்னுக்குப் பிறகு 5 லிட்டர் சோப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. 15 லிட்டர் புதுத் தண்ணீர் சேர்ந்தால் சோப்பு நான்கில் ஒரு பங்காக நீர்க்கும். இரண்டாவது அலசலில் பதினாறில் ஒன்று. மூன்றாவதில் அறுபத்து நான்கில் ஒன்று. மூன்றை இரண்டாக்கினால் துணியில் தங்கும் சோப்பு நான்கு மடங்கு ஆகிறது. நடுவில் ஸ்பின் சரியாக நடக்காமல் துணி 10 லிட்டரைப் பிடித்து வைத்திருந்தால் இன்னும் மோசம். மட்டம் எட்ட 10 லிட்டர் புதுத் தண்ணீர்தான் உள்ளே வரும். ஒவ்வொரு அலசலிலும் பாதிதான் நீர்க்கும், மூன்று அலசலுக்குப் பிறகும் எட்டில் ஒரு பங்கு சோப்பு மிச்சம். குயிக்கில் டிரம்மை நிரப்பிப் போடுகிறவர்களின் கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு வருவதும், கழுத்துப் பட்டையில் அரிப்பு எடுப்பதும் இதனால்தான்.

ஒருநாள் போட்ட, வியர்வை மட்டும் பட்ட இரண்டு கிலோ துணிக்குக் குயிக் போதும். பவுடருக்குப் பதில் லிக்விட், அதுவும் பாதி அளவு. அதற்குமேல் அதைக் கேட்கக் கூடாது.

## ஸ்பின்: எத்தனை சுற்று வேண்டும்

கடையில் 1000, 1200, 1400 என்று எண்ணைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். 5 கிலோ காட்டன் துணியில் 800 சுற்றுக்குப் பிறகு சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர் மிஞ்சும். 1000 சுற்றில் 3 லிட்டர். 1400இல் இரண்டரை. 800க்கும் 1000க்கும் இடையில் உள்ள அரை லிட்டரும் 1000க்கும் 1400க்கும் இடையில் உள்ள அரை லிட்டரும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதற்காகத் துணி படும் பாடு மிக அதிகம். மொட்டைமாடிக் கொடியில் வெயிலில் காயப்போடும் வீட்டுக்கு 1000 தாராளம். ஐப்பசி அடைமழையில் ஹாலில் ஃபேனுக்கு அடியில் காய வைக்கிறவர்களுக்கும், டிரையர் வைத்திருப்பவர்களுக்கும் மேல் வேகம் பயன்படும்.

## எந்தத் துணிக்கு எது

தினசரிப் போடும் சட்டை, சுடிதார், குழந்தைகளின் யூனிஃபார்ம்: ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் மிக்ஸ் அல்லது டெய்லி புரோகிராம், 30 அல்லது 40 டிகிரி, ஒரு கூடுதல் அலசல். டிரம் முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். பல மெஷின்களில் நேரம் குறைக்கும் பொத்தான் ஒன்று தனியாக இருக்கும். பாதிச் சுமைக்கு அதைத் தயங்காமல் அழுத்தலாம்.

வேட்டி, பனியன், துண்டு, அழுக்கேறிய காலர்: காட்டன் 40, முழு நேரம். இங்கே நேரத்தில் கஞ்சத்தனம் காட்டினால் மஞ்சள் கறை கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிவிடும். வெள்ளைத் துணிக்கு ஆக்சிஜன் பிளீச் சேர்ந்த பவுடர் போட்டால் 40க்குக் கீழே வைப்பதில் அர்த்தமில்லை, குறைந்த வெப்பத்தில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளியின் துணி, கைக்குழந்தையின் துணி: 60 டிகிரி. தூசிப் பூச்சிகள் சாக 55 டிகிரிக்கு மேல் வேண்டும். இங்கே இரண்டரை மணி நேரம் ஆனால் ஆகட்டும். ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று நினைப்பதைவிட, ஆள் விழித்திருக்கும்போது ஓட விடுவது நல்லது, குழாய் கழன்றால் வீடு முழுக்கத் தண்ணீர்.

பட்டுச் சேலையை மெஷின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

எப்போதும் கோல்டிலேயே துவைக்கிற வீடுகளில் சில மாதத்தில் ரப்பர் வளையத்திலிருந்து ஒரு வாடை வரும். சோப்புப் பிசுக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்த வழுவழுப்பு அது. மாதம் ஒருமுறை 60 டிகிரி காட்டனோ டிரம் கிளீனோ துணியில்லாமல் ஓட விட்டு, ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவையும் சோப்புப் பெட்டியையும் திறந்தே வைத்தால் வராது.

இவ்வளவும் பார்த்த பிறகும், துணியில்லாமல் ஓட விட்டாலும் டிஸ்ப்ளே காட்டிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது என்றால் அப்போது சர்வீஸுக்குச் சொல்லலாம். 60 டிகிரியில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் கண்ணாடிக் கதவு சூடாகவில்லையா, தண்ணீர் பிடிக்கும் சத்தம் நிற்கவே இல்லையா, கடைசியில் டிரம்மில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது ஹீட்டர் அல்லது அதன் உணரி. இரண்டாவது இன்லெட் வால்வு, அழுத்த உணரி, வடிகால் குழாய் மூன்றில் ஒன்று. மூன்றாவது பம்ப். வருகிறவருக்குத் தேடும் வேலை மிச்சம். போர்டையே மாற்ற வேண்டும் என்று எடுத்த எடுப்பில் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கும் ஒரு பிடி இருக்கும்.